கொல்லையில் ஒரு ஸ்டூடியோ... பாஸ்போர்ட் போட்டோ கிடையாது!

'ஸ்டூடியோ கட்டப் போறேன்' என்று வானூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி என்ன வரும் என்று எழுதியே தருகிறேன். "பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி எவ்வளவு சார்?"

எதிர்வீட்டு அண்ணன் கேட்டார். ஊராட்சி ஆபீஸில் கேட்டார்கள். செங்கல் இறக்க வந்த லாரி டிரைவர் ஒருபடி மேலே போய், லாரிக் கண்ணாடியைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டு, "இப்பவே ஒண்ணு எடுத்துட்டா தேவலை" என்றார். சுவரே எழும்பவில்லை, அதற்குள் வாடிக்கையாளர்!

நான் கட்ட நினைத்தது ஒலிப்பதிவு ஸ்டூடியோ. இடம்: எங்கள் வீட்டுக் கொல்லை. ஒரு முருங்கை, நாலு வாழை, துணி துவைக்கிற கல், மாடு விற்றபிறகு விறகு போட்டு வைத்திருந்த பழைய மாட்டுக் கொட்டகை. அந்தக் கொட்டகையை இடித்துவிட்டு அதே இடத்தில்தான் திட்டம்.

காரணம் அப்பா. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடிய பாரதக் கூத்து உண்டு. அப்பா வேஷம் கட்டுகிறவர் அல்ல, பின்பாட்டு. வேஷக்காரர் அடியெடுத்துக் கொடுத்ததும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிப் பாடுவார்களே, அந்தக் கோஷ்டி. மைக் இல்லாமலே கடைசி வரிசைப் பாட்டிவரை எட்டிய குரல். இப்போது வயது 74. இரண்டு வருஷமாகப் பாட்டுக்கு நடுவில் இருமலா, இருமலுக்கு நடுவில் பாட்டா என்று சொல்ல முடியவில்லை. அவருக்குத் தெரிந்த பாட்டுகளில் பாதி எந்த நோட்டிலும் கிடையாது. தொண்டையில்தான் இருக்கிறது.

செல்போனில் பதிவு செய்து பார்த்தேன். ஹாலில் உட்காரவைத்து, திரௌபதி துகிலுரிதலைப் பாடச் சொன்னேன். துச்சாதனன் புடவையைப் பிடித்து இழுக்கும் கட்டத்தில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. திரௌபதி 'கண்ணா!' என்று கூப்பிட்டதும் வாசலில் கண்ணன் வரவில்லை, மீன்காரர் வந்தார். போதாததற்குத் திருவக்கரைப் பக்கம் கிரஷரிலிருந்து வரும் ஜல்லி லாரிகள் வேறு. ஒவ்வொன்றும் போகும்போது ஜன்னல் கம்பி தாளம் போட்டது.

எனவே ஓர் அமைதியான அறை வேண்டும். பி.காம். படித்தவன் நான். கணக்கு போட்டேன். 80,000 ரூபாயில் முடியும் என்று வந்தது. கணக்கு சரிதான். அது வேறு யாருடைய ஸ்டூடியோவின் கணக்கு என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

*

இளைஞர்களே, உங்களுக்கும் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணமானவர் ஒருவர்தான். கோடம்பாக்கத்தில் வீட்டுக் கொல்லையில் ஸ்டூடியோ கட்டி, அதிலிருந்து உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தவர். ஏ.ஆர்.ரகுமான்.

அந்தக் கதையை எல்லாரும் 'ரோஜா'விலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் இருப்பதைக் கொஞ்சம் பாருங்கள். அப்பா ஆர்.கே.சேகர், மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். 1976-ல் அவர் மறைந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. வீட்டிலிருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அம்மா கரீமா பேகம் குடும்பம் நடத்தினார். பையன் வளர்ந்து, மற்றவர்களின் ரிக்கார்டிங்கில் கீபோர்டு வாசித்து, விளம்பரப் படங்களுக்கு இசையமைத்து, வீட்டை ஒட்டியே 'பஞ்சதன் ரிக்கார்ட் இன்' என்று ஒரு ஸ்டூடியோ கட்டினார். கட்டி முடித்தபோது உள்ளே ஒரு ஏ.சி., ஒரு அலமாரி, தரையில் கார்ப்பெட். அவ்வளவுதான் இருந்தது! கருவி வாங்கக் கையில் காசில்லாமல் வெறும் அறையில் உட்கார்ந்திருந்ததை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அம்மா நகையைக் கழற்றிக் கொடுத்த பிறகுதான் முதல் ரிக்கார்டர் வந்தது. அந்த அறையைத் தேடி மணிரத்னம் வந்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது. 2009-ல் இரண்டு ஆஸ்கர்.

இதில் என்னை உட்கார வைத்தது ஆஸ்கர் அல்ல. முதலில் அறை, அப்புறம் கருவி என்ற அந்த வரிசை. நாமெல்லாம் தலைகீழ். முதல் மாதச் சம்பளத்தில் மைக், இரண்டாவது மாதத்தில் ஹெட்போன், மூன்றாவது மாதத்தில் அதைவிட நல்ல மைக்! நல்ல மைக் என்ன செய்யும் தெரியுமா? பக்கத்து வீட்டு மிக்ஸியை இன்னும் துல்லியமாகப் பதிவு செய்யும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் நூறு டிராக் ஓட்டலாம். வயலின் தெரியாமலே வயலின் சேர்க்கலாம். அமைதியை மட்டும் டவுன்லோடு செய்ய முடியாது. அதைச் செங்கல் வைத்துத்தான் கட்டவேண்டும்.

இந்தத் தத்துவத்தை வீட்டில் விளக்கி, கடைசியில் நகை விஷயத்துக்கு மெதுவாக வந்தேன். என் மனைவி முழுக்கக் கேட்டாள்.

"ரகுமானுக்கு அவங்கம்மா நகையைக் கொடுத்தாங்க, சரி. நீங்க ரகுமானா?"

"இல்ல..."

"நான் உங்க அம்மாவா?"

வைப்புநிதியை உடைத்தேன்.

*

மாட்டுக் கொட்டகையில் ஸ்டூடியோவா என்று சிரித்தவர்களுக்கு நான் வைத்திருந்த பதில், ஏவி.எம். இரண்டாவது உலகப்போர் நேரத்தில் சென்னையில் கரண்ட் கிடைக்காமல் ஏவி.மெய்யப்பன் சொந்த ஊரான காரைக்குடிக்குப் போனார். தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையையும் அதைச் சுற்றிக் கீற்றுக் குடிசைகளையும் வைத்து 1945-ல் ஏவி.எம். ஸ்டூடியோ ஆரம்பமானது. சுதந்திரம் வந்த வருஷத்தில் சக்கைப்போடு போட்ட 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். வடபழனிக்கு வந்தது அதற்கப்புறம். கீற்றுக்குக் கீழே ஸ்டூடியோ என்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல.

வெள்ளைக்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. பெர்னார்ட் ஷா தன் வீட்டுத் தோட்டத்தில் மரத்தால் ஒரு குச்சுவீடு வைத்திருந்தார். வெயில் பக்கம் திருப்பிக்கொள்ள வசதியாக அது அப்படியே சுழலும். அதற்கு அவர் வைத்த பெயர் 'லண்டன்'. யாராவது தேடி வந்தால் வீட்டில், "ஐயா லண்டன் போயிருக்கார்" என்று சொல்லிவிடலாம். பொய்யும் ஆகாது! நானும் என் அறைக்கு 'திண்டிவனம்' என்று பெயர் வைக்கலாமா என்று யோசித்தேன். கடன்காரர்களுக்கு உபயோகப்படும்.

*

2024 ஆவணியில் கடைக்கால் தோண்டினோம். மேஸ்திரிக்கு அறுபது வயது. ரசமட்டமே வைக்காமல், கண்ணை இடுக்கிப் பார்த்தே சுவர் சாய்ந்திருப்பதைச் சொல்லக்கூடியவர். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று நூல் பிடித்தார். எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றத்துக்காக நான் வாங்கிய பிரம்படியெல்லாம் ஞாபகம் வந்தது. இவர் பள்ளிக்கூடமே போனதில்லை!

அளவில்தான் முதல் தகராறு. "பத்துக்குப் பத்து, உயரமும் பத்து. லட்சணமா இருக்கும் தம்பி" என்றார்.

ஒலிப்பதிவு அறைக்கு அந்த லட்சணம்தான் விஷம். ஏன் என்று சொல்கிறேன். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் அது பந்து மாதிரி போய் வரும். பத்தடி இடைவெளி என்றால், விநாடிக்கு 56 தடவை அதிர்கிற கனத்த ஒலி ஒன்று அதற்குள் கச்சிதமாகப் பொருந்தி, அடங்காமல் ஹூம் என்று பெருத்து நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று பக்கமும் அதே ஒலிதான் சேர்ந்து பெருக்கும். அப்படிப்பட்ட அறையில் மத்தளம் வாசித்தால் ஒரு தட்டு மட்டும் இடி மாதிரி கேட்கும், அடுத்த தட்டு காணாமல் போகும். ஆகவே மூன்று அளவும் வேறு வேறாக, ஒன்று மற்றதன் மடங்காக இல்லாமல் இருக்கவேண்டும். ஒலி இயல்காரர்கள் பரிந்துரைக்கிற விகிதங்களில் ஒன்று 1 : 1.14 : 1.39. உயரம் 9 அடி என்றால் அகலம் பத்தேகால், நீளம் பன்னிரண்டரை.

"பத்தேகாலா? கால் அடி எதுக்கு தம்பி? வாஸ்துல இப்பிடி ஒரு அளவு கெடையாதே!"

"இது சத்தத்துக்கு வாஸ்து மேஸ்திரி."

"சத்தத்துக்கு ஏது ஈசான மூலை?" என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். ஆனால் பத்தேகாலில் ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

சுவர் எதில் கட்டுவது என்பதில் எனக்கு இன்னும் ஒரு வருத்தம் இருக்கிறது. எங்கள் தாலுகாவிலேயேதான் ஆரோவில் இருக்கிறது. அங்கே 1989-லிருந்து எர்த் இன்ஸ்டிடியூட் என்று ஒன்று மண்கல்லில் வீடு கட்டுவதை ஆராய்ந்து, உலகத்தின் பல மூலைகளிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. சங்கதி எளிது. காலடியில் கிடக்கும் செம்மண்ணில் நூற்றுக்கு 5 பங்கு சிமென்ட் கலந்து, பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, சூளையில் சுடாமல், தண்ணீர் தெளித்து ஈரத்திலேயே பதப்படுத்தினால் கல் தயார். ஆரோவில் பார்வையாளர் மையமே அப்படிக் கட்டியதுதான். 1992-ல் ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென்று எகிப்தின் ஹசன் ஃபத்தி பெயரில் உள்ள விருதை வாங்கிய கட்டடம். நாம் அதற்குள் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, எதில் கட்டியிருக்கிறார்கள் என்று சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். நல்ல கனமான கல். சத்தத்தைத் தடுக்க அதுதான் வேண்டும். ஆனால் முறையாகக் கற்றுக்கொள்ள எனக்குப் பொறுமை இல்லை. "மண்ணுல கட்றதுக்கு நான் எதுக்குத் தம்பி?" என்று மேஸ்திரிக்கும் கோபம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்று முடிவானது.

தண்ணீரில் மட்டும் கறாராக இருந்தேன். மரக்காணம் உப்பளக் காற்று எங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. கடலோரம் போகப்போக சில போர்களில் தண்ணீரே உப்பு. அந்தத் தண்ணீரில் கலவை போட்டால் உள்ளேயிருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். குடிக்க லாயக்கில்லாத தண்ணீர் கட்டடத்துக்கும் ஆகாது. இதை யாராவது 'சும்மா கொல்லையில செட்டுதானே' என்று சொன்னால் நம்பாதீர்கள். தேய்மானம் ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று காலேஜில் படித்தேன். கடல்காற்று அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை.

எங்களூரில் துருவும் பிடிக்காத, கரையானும் அரிக்காத மரம் ஒன்று உண்டு. திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தையவை. நிலை, கதவுக்கு உத்தமம். அரசாங்கம் விடாது.

*

கூரையில்தான் மாட்டிக்கொண்டேன். செலவு மிச்சம் என்று தகர ஷீட் போட்டேன். "ஜே போல்ட் இன்னும் பத்து போட்டுக்கலாம் தம்பி" என்றார் மேஸ்திரி. பத்து போல்ட் காசை மிச்சம் பிடித்தேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. வந்த புயல் போகவேண்டாமா? அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. கொல்லையில் முழங்கால் தண்ணீர். ஒருவழியாக மழை விட்டுப் போய்ப் பார்த்தால் ஆறு ஷீட்டில் நாலுதான் இருந்தது. ஒன்று முருங்கை மரத்தில் தொங்கியது. இன்னொன்று மூன்று கொல்லை தாண்டி ஒருவர் வயலில் கிடந்தது. அவர் நல்ல மனுஷர். "போட்டோ ஸ்டூடியோ கூரைதானே?" என்று தூக்கி வந்து கொடுத்தார்.

அப்பா கொல்லைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 2011-ல் தானே புயல் எங்கள் பலா மரத்தைச் சாய்த்தபோது நின்ற அதே இடம். "எனக்காகத்தான கட்டுற? விட்டுடுடா. போதும்" என்றார். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை இருமினார். எனக்கு விட மனசு வரவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். ஷீட் போனது நல்லதுதான். தகரத்தின் மேல் தூறல் விழுந்தாலே உள்ளே ஆயிரம் பேர் பறை அடிக்கிற மாதிரி இருக்கும். அதற்குக் கீழே ஒலிப்பதிவா? தை மாதம் நாலு அங்குல கான்கிரீட் தளம் போட்டேன். தளம் போடும் நாளில் ஆட்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். பிரியாணி எத்தனை பேருக்கு என்று கணக்குப் பார்த்த மனைவி, கழுத்திலிருந்த செயினைத் தானே கழற்றிக் கொடுத்தாள். "மூணு மாசம். அதுக்குள்ள மீட்டுத் தரணும். அப்புறம், நான் உங்க அம்மா இல்ல, ஞாபகம் இருக்கட்டும்."

*

இனி, நான் பட்ட அவமானங்களில் தலையாயது. முட்டை அட்டை.

ஸ்டூடியோ என்றால் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டவேண்டும் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். கூட்ரோட்டுப் பரோட்டாக் கடைகளிலெல்லாம் சொல்லிவைத்து 300 அட்டை சேர்த்தேன். ஒட்டினேன். கதவைச் சாத்தினேன். ஜல்லி லாரி ஒன்று போனது. அட்டை இல்லாதபோது எப்படிக் கேட்டதோ, அட்சரம் பிசகாமல் அப்படியே கேட்டது. மூன்றாவது வாரம் எலி வந்தது.

முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது சார். அதற்கு எடை இல்லை. உள்ளே கீச்சென்று எதிரொலிப்பதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. தீப்பிடித்தால் வேறு குபீரென்று எரியும். இங்கே இரண்டு வேறு வேறு வேலைகளை நாம் குழப்பிக்கொள்கிறோம். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. உள்சத்தம் சுவரில் மோதித் திரும்பாமல் அடக்குவது மற்றொன்று. முதலாவதுக்கு எடையும் அடைப்பும் வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் இன்னும் ஐந்தாறு டெசிபல் குறையும். இரண்டாவதுக்குக் கனமான சுவர் உதவாது. மெத்தை, பஞ்சு, ராக் வூல் மாதிரி காற்று புகுந்து களைத்துப்போகும் சாமான் வேண்டும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

அடைப்பு என்றேனே, அதுதான் இத்தனை நாளில் நான் கற்ற ஒரே பாடம். இவ்வளவு கனமான சுவர், தளம் எல்லாம் போட்டும் லாரி ஏன் கேட்டது? கதவு! தடிமனான பழைய தேக்குக் கதவுதான். ஆனால் அடியில் அரை அங்குலம் இடைவெளி, நிலைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து. கதவின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், அது இரும்புக் கதவாகவே இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. சத்தம் தண்ணீர் மாதிரி. ஓட்டைப் பானையில் தங்கத் தகடு போர்த்தி என்ன பிரயோஜனம்?

ஆசாரியை அழைத்து நிலையைச் சுற்றி அடைத்து, ரப்பர் பீடிங் வைத்து, அடியில் வாசற்படி மாதிரி கட்டை பதித்து, உள்பக்கம் திறக்க இன்னொரு கதவும் போட்டேன். சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் ஒயர் வந்த துளைகளைக்கூடப் புட்டி வைத்து அடைத்தேன். கடைசித் துளையை அடைத்துவிட்டு இரண்டு கதவையும் சாத்தினேன். லாரி போனது. அதாவது, போயிருக்கவேண்டும். எனக்குக் கேட்டது என் கைக்கடிகாரம்தான். அரை மணி நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். 80,000-ல் ஆரம்பித்து 2,40,000-ல் வந்து நின்ற அமைதி அது!

அரை மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. ஏன் என்று ஊகித்திருப்பீர்கள். சத்தம் வராத இடத்தில் காற்று மட்டும் எப்படி வரும்? இட்லிப் பானை! ஏ.சி. போட்டால் அதன் சத்தம், ஃபேன் போட்டால் அதன் சத்தம். கடைசியில் ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே பஞ்சு ஒட்டி, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து காற்று வரும்படி சுவரில் பொருத்தினேன். காற்று வளைந்து வரும். சத்தம் ஒவ்வொரு வளைவிலும் பஞ்சில் முட்டிச் செத்துப்போகும். பாட்டு முடிந்ததும் ஃபேன், பாடும்போது வியர்வை என்று இப்போது ஓடுகிறது. மைக்கை மட்டும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிபோட்ட டப்பாவில் வைக்கிறேன். எங்கள் ஈரக்காற்றுக்கு அது பயப்படும்.

*

2025 சித்திரையில் ஒரு ராத்திரி அப்பாவை உள்ளே அழைத்துப் போனேன். சுவர் நாலிலும் ராக் வூல் சட்டங்கள், மேலே வெள்ளைத் துணி, தரையில் ஜமக்காளம். அப்பா தொண்டையைச் செருமி, கர்ண மோட்சத்தில் ஒரு அடி எடுத்தார். நிறுத்தினார். மறுபடி எடுத்தார். எழுந்துவிட்டார்.

"ஏன்டா, பாட்டு வாயை விட்டு வெளிய போனதும் செத்துப் பூடுதே! யாருக்குடா பாடறது?"

எனக்குப் பகீரென்றது. தப்பு அவருடையது அல்ல. எதிரொலியை அடியோடு அடக்கிவிட்டால், பாடுகிறவருக்குத் தன் குரலே திரும்பி வராது. மைதானத்தில் அறுபது வருஷம் பாடியவர் அவர். ஜனம் இருக்கும், ஆர்மோனியம் இருக்கும், பின்னால் துணைக்குரல் இருக்கும். அவரைக் கொண்டுபோய்ப் பஞ்சு மூட்டைக்குள் போட்டால்? வாய்ச்செய்தி வாசிக்கிறவருக்கு அடங்கிய அறை நல்லது. பாட்டுக்குக் கொஞ்சம் உயிருள்ள சுவர் வேண்டும். எல்லாச் சுவரையும் மூடக்கூடாது என்று படித்ததுதான். 2,40,000 செலவழித்தவனுக்குப் படித்தது ஞாபகம் வராது.

மறுநாள் அவருக்கு எதிர்ச்சுவரில் இருந்த சட்டங்களைக் கழற்றினேன். வெறும் சுவராக விட்டால் கைதட்டும்போது 'டர்ர்' என்று ஓர் அதிர்வு வந்தது. பழைய பனைவாரைத் துண்டுகளை உயரமும் தாழ்வுமாக அடித்து ஒலியைச் சிதறவிட்டேன். புதுப் பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். எனவே இடித்த மாட்டுக் கொட்டகையின் வாரைகளே போதும் என்றாகிவிட்டது. கூடவே, அப்பாவோடு பாடிய பழைய ஜோடிக்காரர் ஒருவரையும் டி.வி.எஸ்.ஸில் வைத்து அழைத்து வந்தேன். அப்பாவைவிட மூன்று வயது மூத்தவர், பல் இல்லை, தாளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டு கிழவர்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அப்பா அடியெடுத்தார். அவர் வாங்கினார். இருபது நிமிஷம் நிற்கவில்லை. நடுவில் இரண்டு இருமல் வந்தது. நான் மெஷினை நிறுத்தவில்லை.

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு ராத்திரி, பன்னிரண்டு மணிக்கு மேல். ரகுமான் ராத்திரியில்தான் வேலை செய்வார் என்பார்கள். அவர் காரணம் வேறாக இருக்கலாம். எங்களுக்கு லாரி குறைகிற நேரம் அதுதான். ஆடி மாதம் முழுக்க லீவ். ஒலிபெருக்கிக்கு ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை தடை என்று 2000-ம் வருஷ விதி சொல்கிறது. திருவிழாவுக்கு விலக்கு வாங்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. எங்கள் அம்மன் கூழுக்கு முன்னால் ஒன்பது அங்குலச் சுவரெல்லாம் சும்மா. நானும் போய்க் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். மழைக்காலத்தில் தவளை. அது எந்த விதிக்கும் கட்டுப்படாது.

இதுவரை பதினோரு மணி நேரம் சேர்ந்திருக்கிறது. அபிமன்னன் சண்டை முழுசு, கர்ண மோட்சம் முக்கால், அர்ச்சுனன் தபசில் அப்பாவுக்கே மறந்துபோய் ஜோடிக்காரர் ஞாபகப்படுத்திய நாலு பாட்டு. செயினை மீட்டாகிவிட்டது. மூன்று மாதம் ஏழு மாதமானதை இங்கே விரிவாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

போன வாரம் கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். கல்லூரிப் பையன். நெற்றியில் திருநீறு, இஸ்திரி போட்ட சட்டை. "சார், பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடணும். நாளைக்குக் கடைசி நாள். ஸ்டூடியோ இங்கதானே?"

விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அப்பா உள்ளேயிருந்து, "வாப்பா, வா. பின்னால வெள்ளைத் துணியெல்லாம் ரெடியா இருக்கு" என்று ராக் வூல் சட்டத்துக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். செல்போனில் நாலு எடுத்தேன். நன்றாகவே வந்திருந்தது.

"எவ்வளவு சார்?" என்றான்.

எட்டு காப்பிக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?